அம்மாவுக்கு அடுத்த எலும்பு ஸ்கேன்: அதே ஆஸ்பத்திரியா, வீட்டுப் பக்கமா, சென்னையா?

“அம்மாவுக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்தோம். எலும்புப்புரை என்று வாரம் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். இப்போது மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார் டாக்டர். அப்போது சிங்கப்பூரில் தெம்பனிஸ் பக்கம் இருந்தோம், இப்போது பொங்கோலுக்கு வந்துவிட்டோம். பழைய ஆஸ்பத்திரியில் தேதி கிடைக்க நாளாகும் போலிருக்கிறது. பக்கத்தில் ஒரு தனியார் நிலையம் அடுத்த வாரமே எடுத்துத் தருகிறேன் என்கிறது. ஜூன் விடுமுறைக்குச் சென்னை போகிறோம், அங்கே மாஸ்டர் செக்கப்பில் இதுவும் சேர்ந்தே வருகிறது. எங்கே எடுப்பது நல்லது?”

ஸ்கேன் அறையில் வேலை பார்க்கிறவள் என்பதால், வார்த்தை மாறி வார்த்தை மாறி இந்தக் கேள்வி என்னிடம் வந்துகொண்டே இருக்கிறது. கேட்கிறவர்கள் விலையைப் பார்த்திருப்பார்கள், காத்திருக்கும் நாளைப் பார்த்திருப்பார்கள். மெஷின் மாறினால் எண்ணும் மாறும் என்பதை மட்டும் யாரும் அவர்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். முதல் ஸ்கேனுக்கு அது அவ்வளவு முக்கியமில்லை. எலும்பு எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்தால் போதும். இரண்டாவது ஸ்கேன் எடுப்பது, மாறியிருக்கிறதா என்று பார்க்க. மாற்றத்தை அளக்க வேண்டுமானால் இரண்டு முறையும் அளவுகோல் ஒன்றாக இருந்தாக வேண்டும்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலாவது, மெஷினுக்கு மெஷின் உள்ள வித்தியாசம். எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்சா மெஷின் இரண்டு வெவ்வேறு ஆற்றல் கொண்ட எக்ஸ்ரேயை உடலுக்குள் அனுப்புகிறது. எலும்பு எவ்வளவைத் தடுத்தது, சதையும் கொழுப்பும் எவ்வளவைத் தடுத்தன என்று பிரித்துக் கணக்குப் போடுகிறது. அந்த இரண்டு ஆற்றலை உண்டாக்கும் முறை கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ஹோலாஜிக் மெஷின்கள் எக்ஸ்ரே குழாயின் மின்னழுத்தத்தை மாற்றி மாற்றி விடுகின்றன. ஜிஇ லூனார் மெஷின்கள் ஒரே கற்றையை ஒரு வடிகட்டியின் வழியே விட்டு இரண்டு ஆற்றலாக்குகின்றன. எலும்பின் ஓரம் எங்கே முடிகிறது என்று தீர்மானிக்கும் மென்பொருளும் ஒன்றல்ல, அளவைச் சரிபார்க்க வைத்திருக்கும் மாதிரிக் கட்டையும் ஒன்றல்ல.

இதனால் ஒரே ஆளின் முதுகெலும்பை ஒரே நாளில் இரண்டிலும் அளந்தாலும் லூனாரின் எண் ஹோலாஜிக்கின் எண்ணைவிட 12, 13 சதவீதம் கூடுதலாக வரும். ஹோலாஜிக்கில் சதுர சென்டிமீட்டருக்கு 0.780 கிராம் என்றால் லூனாரில் ஏறக்குறைய 0.880. இரண்டு மெஷினும் பழுதில்லாமல்தான் ஓடுகின்றன. ஒவ்வொன்றும் தன் அளவுகோலின்படி சரியாகவே அளக்கிறது. இந்த வித்தியாசத்தைச் சரிக்கட்ட 1994-லேயே சூத்திரங்கள் வந்துவிட்டன, இணையத்தில் தேடினால் கிடைக்கும். ஆயிரம் பேரின் சராசரியை ஒப்பிட அவை உதவும். உங்கள் அம்மா ஒருவரின் எலும்பு 4 சதவீதம் கூடியதா குறைந்ததா என்று முடிவுசெய்ய அவை போதாது.

டி-ஸ்கோரை வைத்து ஒப்பிடலாமே என்று சிலர் கேட்பதுண்டு. இளம்வயதினரின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறோம் என்பதுதான் டி-ஸ்கோர். மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே போனால் எலும்புப்புரை என்று உலகச் சுகாதார நிறுவனம் 1994-ல் வரையறுத்தது. ஒவ்வொரு கம்பெனியும் தன் எண்ணுக்கு ஏற்ற சராசரியை உள்ளே வைத்திருப்பதால் மேலே சொன்ன 13 சதவீதம் டி-ஸ்கோரில் பெரும்பாலும் மறைந்துவிடும். ஆனால் அந்தச் சராசரி யாருடையது என்பது நிலையத்துக்கு நிலையம் மாறலாம். ஓரிடத்தில் வெள்ளைக்காரப் பெண்களின் சராசரி, இன்னோரிடத்தில் ஆசியப் பெண்களின் சராசரி. எலும்பு அப்படியே இருக்க, டி-ஸ்கோர் மட்டும் ஏறும் அல்லது இறங்கும். அதனால் தொடர் ஸ்கேனில் டி-ஸ்கோரை ஓரமாக வைத்துவிட்டு கிராம் கணக்கை மட்டும் பாருங்கள்.

இரண்டாவது, ஒரே மெஷினுக்குள் இருக்கும் ஏற்ற இறக்கம். ஒருவரை ஸ்கேன் எடுத்து, மேசையிலிருந்து இறக்கி, உடனே மறுபடி படுக்க வைத்து எடுத்தால் எண் கொஞ்சம் மாறும். படுத்த விதம் மாறியிருக்கும், கால் திரும்பிய கோணம் மாறியிருக்கும், கோடு போட்டவரின் கை மாறியிருக்கும். ஒவ்வொரு நிலையமும் இந்தத் தடுமாற்றம் தங்களிடம் எவ்வளவு என்று அளந்து வைத்திருக்க வேண்டும். 15 பேரை மும்மூன்று முறையோ, 30 பேரை இரண்டிரண்டு முறையோ எடுத்துப் பார்ப்பதுதான் வழக்கமான முறை. கிடைத்த பிழையை 2.77-ஆல் பெருக்கினால் வருவது ‘குறைந்தபட்ச நம்பத்தக்க மாற்றம்’. எல்எஸ்சி என்போம். இரண்டு ஸ்கேனுக்கும் உள்ள வித்தியாசம் இதைத் தாண்டினால்தான் எலும்பு உண்மையிலேயே மாறியிருக்கிறது என்று 95 சதவீத உறுதியோடு சொல்ல முடியும்.

முதுகெலும்பில் ஒரு டெக்னாலஜிஸ்டின் பிழை 1.9 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது அடர்த்தி அளவியலுக்கான சர்வதேச சங்கமான ஐஎஸ்சிடி வைத்திருக்கும் வரம்பு. முழு இடுப்புக்கு 1.8, தொடை எலும்புக் கழுத்துக்கு 2.5. பிழை 1.9 என்றால் எல்எஸ்சி 5.3 சதவீதம். கைதேர்ந்தவர்கள் இருக்கும் இடத்தில் பிழை 1 சதவீதம் என்றால் எல்எஸ்சி 2.8 சதவீதம்தான். நம் 0.780 உதாரணத்தில், முதல் இடத்தில் 0.041 மாறினால்தான் மாற்றம். இரண்டாவது இடத்தில் 0.022 மாறினாலே மாற்றம்.

இந்த எண்களை எலும்பின் வேகத்தோடு சேர்த்துப் பாருங்கள். மாதவிடாய் நின்று சில வருடங்கள் ஆன பெண்ணுக்கு எலும்பு குறைவது பொதுவாக வருடத்துக்கு ஒரு சதவீதம் அளவில். எலும்புப்புரைக்குக் கொடுக்கும் அலெண்ட்ரோனேட் மாத்திரையை மூன்று வருடம் ஒழுங்காக எடுத்தவர்களுக்கு, எடுக்காதவர்களைவிட முதுகெலும்பு அடர்த்தி சுமார் 6 சதவீதம் கூடியதை ஆய்வுகள் காட்டின. ஆக நாம் தேடுவது இரண்டு வருடத்தில் நாலைந்து சதவீத மாற்றத்தை. மெஷினை மாற்றினால் 13 சதவீதம் வரை தானாகவே வந்து அதன்மேல் உட்கார்ந்துகொள்கிறது.

மூன்றாவது, எண்ணைத் தவறாகப் படிப்பதால் வரும் விலை. இதுதான் எனக்கு அதிகம் கவலை தருவது. ஹோலாஜிக்கில் எடுத்தவர் லூனாருக்குப் போனால், மாத்திரை அற்புதமாக வேலை செய்திருப்பதுபோலத் தெரியும். ‘அதான் நல்லாயிருச்சே’ என்று வீட்டிலேயே மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். நேர்மாறாகப் போனால் எலும்பு கரைந்துவிட்டதாகப் பயந்துபோய், ஊசிக்கு மாறலாமா என்று டாக்டரிடம் நிற்பார்கள். இரண்டிலும் எலும்பில் எதுவுமே நடந்திருக்காது.

நான்காவது, பணமும் நேரமும். கதிர்வீச்சைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். முதுகும் இடுப்பும் சேர்த்து எடுத்தாலும் சில மைக்ரோசீவர்ட்தான், சாதாரணமாக ஓரிரு நாளில் சுற்றுப்புறத்திலிருந்து நமக்குக் கிடைக்கும் அளவு.

## 1. அதே ஆஸ்பத்திரி, அதே மெஷின்

என் முதல் தேர்வு இதுதான். மற்ற வழிகள் எல்லாவற்றிலும் இதிலிருந்து என்ன குறைகிறது என்றே பார்க்கிறேன்.

அதே மெஷினில் எடுக்கும்போது பழைய படத்தைத் திரையில் திறந்து, எலும்பைச் சுற்றி மென்பொருளில் போட்ட அதே கட்டங்களை அதே இடத்தில் வைத்துப் பொருத்த முடியும். காலையில் ஆட்கள் வருவதற்கு முன் மாதிரிக் கட்டை ஒன்றை மேசையில் வைத்து ஸ்கேன் எடுப்போம். எலும்பின் தாதுப்பொருளை ஒத்த பொருளில் முதுகெலும்பு வடிவத்தில் செய்து பிசினுக்குள் பதித்த ஒரு கட்டை அது. அதன் எண் ஒரு வரைபடத்தில் புள்ளியாக விழும். புள்ளிகள் நடுக்கோட்டை ஒட்டியே ஓட வேண்டும். மேலேயோ கீழேயோ 1.5 சதவீதத்துக்கு மேல் விலகினால் மெஷினை நிறுத்திவிட்டு சர்வீஸ் ஆளைக் கூப்பிட வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் எடுத்த எண்ணும் இன்று எடுக்கும் எண்ணும் ஒரே அளவுகோலில் எடுத்தவை என்பதற்கு அந்தப் புள்ளிவரிசைதான் சாட்சி.

ஆனால் ‘அதே ஆஸ்பத்திரி’ என்பதால் ‘அதே மெஷின்’ ஆகிவிடாது. பெரிய ஆஸ்பத்திரிகளில் ஒன்றுக்கு மேற்பட்ட மெஷின் இருக்கலாம். ஒரே கம்பெனியின் ஒரே மாடலாக இருந்தாலும் இரண்டுக்கும் இடையே சிறு வித்தியாசம் இருக்கும். இடையில் மெஷினையே மாற்றியிருக்கவும் கூடும். மாற்றினால் செய்ய வேண்டியதற்கு நெறிமுறை உண்டு. அதே வகை மெஷின் என்றால் மாதிரிக் கட்டையைப் பழையதிலும் புதியதிலும் பத்துப் பத்து முறை எடுத்துப் பார்ப்பார்கள், சராசரியில் ஒரு சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. வேறு கம்பெனி மெஷின் என்றால் கட்டை போதாது. 30 நோயாளிகளைப் பழையதில் ஒருமுறையும் புதியதில் இருமுறையும், 60 நாளுக்குள் எடுத்து ஒப்பிட வேண்டும். இதைச் செய்திருந்தால் உங்கள் பழைய எண் வீணாகாது. செய்யவில்லை என்றால் அதே கட்டடத்திலேயே எடுத்தாலும் அது புதுக் கணக்குதான்.

மறைந்திருக்கும் செலவு காத்திருப்புதான். ஆனால் இந்த ஸ்கேன் இரண்டு மாதம் தள்ளிப் போவதால் எலும்பில் அளக்கக்கூடிய எந்த மாற்றமும் வரப்போவதில்லை. மருந்து தொடரும்வரை தாமதத்தால் நஷ்டமில்லை. பொங்கோலிலிருந்து தெம்பனிசுக்கு ஒரு காலைப்பொழுது போகும், கூட வருபவர் லீவு போட வேண்டியிருக்கும். அவ்வளவுதான். பலதுறை மருந்தக டாக்டரின் பரிந்துரையோடு அரசாங்க மருத்துவமனைக்குப் போகிறவர்களுக்குக் கட்டணக் கழிவும் இங்கே தொடரும்.

## 2. வீட்டுப் பக்கத்தில் வேறு நிலையம்

புது மெஷின், குறைந்த கூட்டம், சனிக்கிழமையும் திறந்திருக்கும். படம் பழைய மெஷினைவிடத் தெளிவாகக்கூட இருக்கலாம். படத்தின் தெளிவும் எண்ணின் ஒப்பிடத்தக்க தன்மையும் இரண்டு வேறு விஷயங்கள் என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள்.

“சிங்கப்பூரில் எல்லா இடத்துக்கும் லைசன்ஸ் இருக்கிறதே, எல்லாம் ஒன்றுதானே?” என்பார்கள். எக்ஸ்ரே கருவிகளுக்குத் தேசிய சுற்றுப்புற வாரியத்தின் கதிர்வீச்சு உரிமம் வேண்டும். ஸ்கேன் நிலையங்கள் சுகாதார அமைச்சின் சுகாதாரச் சேவைகள் சட்டத்தின்கீழ் உரிமம் பெற வேண்டும். இவை பாதுகாப்புக்கும் தரத்துக்கும் காவல். இந்த நிலையத்தின் 0.780-ம் அந்த நிலையத்தின் 0.780-ம் ஒன்று என்பதற்கு எந்த உரிமமும் உத்தரவாதம் தருவதில்லை. இரண்டு நிலையங்களுக்கு இடையே குறுக்கு அளவுத்திருத்தம் (மேலே சொன்னதுபோல இரண்டு மெஷினிலும் எடுத்து ஒப்பிடுவது) செய்யப்படாதவரை அவற்றின் எண்களை ஒப்பிடவோ எல்எஸ்சி கணக்கிடவோ முடியாது என்றே ஐஎஸ்சிடியும் சொல்கிறது.

பணக்கணக்கிலும் ஒரு மறைவிடம் உண்டு. எலும்புப்புரை 2015 முதல் நாட்பட்ட நோய் நிர்வாகத் திட்டத்தில் இருக்கிறது, எனவே அதற்கு மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவைப் பயன்படுத்தலாம். ஆனால் அந்த நிலையம் திட்டத்தில் சேர்ந்திருக்க வேண்டும், உங்கள் டாக்டரின் பரிந்துரை இருக்க வேண்டும். கையிலிருந்து முழுப் பணம் கட்டிய பிறகு விசாரிப்பதில் பயனில்லை. இன்னொன்று, எண் புதிது என்பதால் மருந்து வேலை செய்கிறதா என்ற கேள்விக்கு இந்த ஸ்கேன் பதில் தராது. பதில் தெரிய அடுத்த ஸ்கேன்வரை காத்திருக்க வேண்டும். ஒரு கேள்விக்கு இரண்டு ஸ்கேன் கட்டணம்.

ஆனாலும் இந்த வழி சரியாக இருக்கும் சூழ்நிலை உண்டு. பழைய இடத்துக்கு இனி போகவே போவதில்லை என்றால் — நடக்கச் சிரமம், சக்கர நாற்காலி, மகளோடு நிரந்தரமாக வேறு வட்டாரத்துக்கு வந்தாயிற்று — மாறிவிடுங்கள். இன்று எடுப்பதை முதல் ஸ்கேனாக எழுதி வைத்துக்கொண்டு அடுத்த பத்து வருடமும் அங்கேயே எடுங்கள். ஒருமுறை மாறுவதில் தவறில்லை. ஒவ்வொரு முறையும் சலுகை எங்கே கிடைக்கிறதோ அங்கே போவதுதான் கெடுதல். அப்படி எடுத்த நான்கு ரிப்போர்ட்டை மேசையில் பரப்பினால் நான்கும் முதல் ஸ்கேனாகவே இருக்கும்.

புதிய இடம் பழைய ஆஸ்பத்திரியின் சுகாதாரக் குழுமத்துக்கு வெளியே என்றால் படங்களை டாக்டரிடம் சேர்ப்பதும் உங்கள் பொறுப்பாகிவிடும். படங்கள் பதிந்த குறுந்தட்டோ அச்சுப் படமோ கேட்டு வாங்காமல் கிளம்பாதீர்கள்.

## 3. சென்னைப் பயணத்தோடு

விலைதான் இதன் பலம். ரத்தம், ஈசிஜி, வயிற்று ஸ்கேன் எல்லாம் ஒரே காலையில் முடிந்துவிடும். அங்குள்ள நல்ல நிலையங்களில் வேலைத் தரத்துக்கும் குறையில்லை.

இரண்டாவது வழியில் சொன்ன சிக்கல் எல்லாம் இங்கேயும் உண்டு. அதற்கு மேல் மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, பேக்கேஜில் ‘எலும்பு அடர்த்தி’ என்று போட்டிருப்பது டெக்சாவா, குதிகால் அல்ட்ராசவுண்டா, முன்கை மட்டுமா என்று முதலில் விசாரிக்க வேண்டும். இரண்டு, டி-ஸ்கோருக்கு அங்கே எந்தச் சராசரியைப் பயன்படுத்துகிறார்கள் என்பது இங்கிருந்து மாறலாம். மூன்று, அடுத்த முறை ஊருக்குப் போவது எப்போது, அதே நிலையத்துக்குப் போக முடியுமா என்பது யாருக்கும் தெரியாது. போன தடவை தி.நகரில் தங்கினோம், இந்தத் தடவை தாம்பரத்தில் என்றால் நிலையமும் மாறிவிடும். மெடிசேவும் இதற்குக் கிடைக்காது.

யாருக்குப் பொருந்தும் என்றால், இதுவரை ஸ்கேனே எடுக்காதவருக்கு. அல்லது வருடத்தில் பாதி நாள் ஊரிலேயே இருந்து அங்கேயே ஒரு டாக்டரிடம் தொடர்ந்து பார்க்கிற பெற்றோருக்கு. அவர்களுக்கு அந்த ஊர் மெஷின்தான் ‘அதே மெஷின்’. சிங்கப்பூர் டாக்டரின் கேள்விக்குச் சென்னை எண்ணை வைத்துப் பதில் தேடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

## 4. சமூக மன்றத்தில் குதிகால் அல்ட்ராசவுண்ட்

குதிகாலில் ஜெல் தடவி ஒலியலையை அனுப்பி, அது எவ்வளவு வேகமாகக் கடக்கிறது, எவ்வளவு மங்குகிறது என்று பார்க்கும் கருவி. எலும்பில் எத்தனை கிராம் தாது இருக்கிறது என்று அது அளப்பதில்லை. மைனஸ் 2.5 என்ற எல்லை டெக்சாவுக்கு வகுத்தது, இதன் எண்ணுக்குப் பொருந்தாது. மருந்தின் பலனைத் தொடர்ந்து பார்க்கவும் உதவாது. மாத்திரை எடுத்துக்கொண்டிருப்பவர் இதில் வரும் பச்சை, மஞ்சள் வண்ணத்தைப் பார்த்து எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

இதுவரை எதுவுமே பார்க்காத அம்மாக்களுக்கு ஓர் எளிய கணக்கு இருக்கிறது. 2001-ல் ஆசியப் பெண்களுக்காக வெளியான ஓஸ்டா முறை அது: மாதவிடாய் நின்ற பெண்ணின் வயதிலிருந்து கிலோ எடையைக் கழியுங்கள். 20-க்கு மேல் வந்தால் ஆபத்து அதிகம், டெக்சா எடுக்க டாக்டரைக் கேளுங்கள். 72 வயது, 48 கிலோ என்றால் 24. எலும்பு முறியும் வாய்ப்பைக் கணிக்கும் ஃபிராக்ஸ் கணிப்பானிலும் சிங்கப்பூருக்கென்று சீனர், மலாய்க்காரர், இந்தியர் எனத் தனித்தனிப் பிரிவு உண்டு.

## 5. சிடி ஸ்கேனில் அளப்பது

வயதானவர்களுக்கு முதுகெலும்பின் ஓரத்தில் எலும்பு முளைகள் வளர்ந்திருக்கும், அதன் முன்னால் ஓடும் பெரிய ரத்தக்குழாயில் சுண்ணாம்பு படிந்திருக்கும். டெக்சா தட்டையான படம் என்பதால் இவை எல்லாம் எலும்புக் கணக்கில் சேர்ந்து எண்ணை ஏற்றிக் காட்டும். சிடி முறையில் முள்ளெலும்பின் உள்ளே உள்ள பஞ்சுப் பகுதியை மட்டும் தனியாக அளக்கலாம். அதுதான் அதன் மதிப்பு. கதிர்வீச்சு டெக்சாவைவிடப் பல மடங்கு அதிகம். குழாய் மின்னழுத்தம், ஊசியில் போடும் கான்ட்ராஸ்ட் மருந்து எல்லாம் எண்ணை மாற்றும். முடிவும் கன சென்டிமீட்டர் கணக்கில் வருவதால் பழைய டெக்சா எண்ணோடு பேசாது. முதுகு மோசமாகத் தேய்ந்து, இரண்டு இடுப்பிலும் உலோக மூட்டு வைத்தவர் போன்றோருக்கு டாக்டர் இதைச் சொன்னால் ஏற்றுக்கொள்ளுங்கள். நீங்களாகக் கேட்க வேண்டியதில்லை.

## 6. இந்த வருடம் எடுக்காமலே விடுவது

பலர் யோசிக்காத வழி. மருந்து ஆரம்பித்தோ மாற்றியோ ஒரு வருடம் கழித்துப் பார்ப்பது வழக்கம். நிலைமை சீரானபின் இடைவெளியைக் கூட்டலாம். வருடத்துக்கு ஒரு சதவீதம் மாறும் ஒன்றை, எல்எஸ்சி 5 சதவீதமுள்ள மெஷினில் வருடாவருடம் அளந்தால் கிடைப்பது அந்த மெஷினின் தடுமாற்றம் மட்டுமே. ஒரு வருடம் ஏறும், மறு வருடம் இறங்கும், வீட்டில் தூக்கம் போகும். மாத்திரை உடலில் சேர்கிறதா என்று சீக்கிரம் தெரிய வேண்டுமானால் எலும்புத் தேய்வைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகள் இருக்கின்றன, சில மாதங்களிலேயே மாற்றம் காட்டும். டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள்.

ஸ்டீராய்டு மாத்திரை தொடர்ந்து எடுப்பவர்களுக்கு இது பொருந்தாது. அவர்களுக்கு எலும்பு வேகமாகக் குறையும், சீக்கிரம் பார்க்க வேண்டியிருக்கும். டெனோசுமாப் ஊசி போடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: ஸ்கேன் தேதி வரட்டும் என்று ஆறு மாத ஊசியைத் தள்ளிப்போடவே கூடாது. அந்த மருந்து நின்றால் எலும்பு வேகமாகக் குறைந்து முதுகெலும்பு நொறுங்கும் ஆபத்து உண்டு. ஸ்கேன் காத்திருக்கலாம், ஊசி காத்திருக்காது.

## ஒரே பார்வையில்

| வழி | பழைய எண்ணோடு ஒப்பிடலாமா | மறைந்திருக்கும் செலவு | யாருக்கு |
|---|---|---|---|
| அதே மெஷின் | ஆம், எல்எஸ்சி தெரிந்தால் | காத்திருப்பு, பயணம் | மருந்து எடுக்கும் எல்லாருக்கும் |
| பக்கத்து நிலையம் | இல்லை, புதுத் தொடக்கம் | பதிலுக்கு இன்னொரு ஸ்கேன் வேண்டும் | நிரந்தரமாக இடம் மாறியவர்களுக்கு |
| சென்னை | இல்லை | மெடிசேவ் இல்லை, அடுத்த முறை அதே இடம் உறுதியில்லை | முதல் ஸ்கேன், அல்லது ஊரில் தொடர்ந்து டாக்டரைப் பார்ப்பவர்கள் |
| குதிகால் அல்ட்ராசவுண்ட் | இல்லவே இல்லை | தவறான நிம்மதி அல்லது பயம் | மருந்து எடுக்காதவர்களுக்கு முதல்கட்டமாக மட்டும் |
| சிடி | இல்லை | கதிர்வீச்சு, விலை | டெக்சா எண்ணை நம்பமுடியாத முதுகும் இடுப்பும் உள்ளவர்களுக்கு |
| இப்போது எடுக்காமல் விடுவது | கேள்வி எழவில்லை | மாற்றம் தாமதமாகத் தெரியலாம் | சீரான நிலையில் உள்ளவர்கள், டாக்டர் சம்மதித்தால் |

## தேதி எடுக்கும்போதும் ரிப்போர்ட் வந்தபிறகும்

ஃபோனில் மூன்றே கேள்வி போதும். “போன தடவை எடுத்த அதே மெஷினா?” “மாற்றியிருந்தால் இரண்டுக்கும் குறுக்கு அளவுத்திருத்தம் செய்திருக்கிறீர்களா?” “உங்கள் நிலையத்தின் எல்எஸ்சி எவ்வளவு?” முன்பதிவு எடுப்பவருக்குப் பதில் தெரியாமல் இருக்கலாம், ஸ்கேன் அறைக்கு மாற்றிக் கேளுங்கள். எங்களில் யாரும் இந்தக் கேள்வியைத் தொல்லையாக நினைக்க மாட்டோம். மூன்றாவது கேள்விக்குப் பதிலே இல்லாத இடத்தில் தொடர் ஸ்கேன் எடுப்பதற்கு நான் தயங்குவேன். சில ரிப்போர்ட்டில் மாற்றத்தின் பக்கத்தில் நட்சத்திரக் குறி போட்டு ‘குறிப்பிடத்தக்க மாற்றம்’ என்று வரும். அது அந்த நிலையத்தின் சொந்த அளவீட்டை வைத்துப் போட்டதா, கம்பெனி மென்பொருளில் ஏற்கெனவே இருக்கும் எண்ணை வைத்துப் போட்டதா என்பதும் கேட்கத் தகுந்த கேள்விதான்.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதுகுப் படத்தில் கீழ்முதுகின் முள்ளெலும்புகள் இரண்டிலும் எல்1 முதல் எல்4 வரையா, அல்லது ஒன்றில் எல்2-லிருந்து ஆரம்பிக்கிறதா? ஒரு முள்ளெலும்பை விட்டுவிட்டால் சராசரியே வேறு. முதுகெலும்புகளுக்கு இடையே போட்ட கோடுகள் இரண்டிலும் ஒரே இடத்தில் விழுகின்றனவா? இடுப்புப் படத்தில் தொடை எலும்பின் உட்பக்கம் ஒரு சிறு குமிழ் இருக்கும். பாதத்தை ஒரு முக்கோணக் கட்டையில் கட்டி, காலை 15 முதல் 25 டிகிரி உள்பக்கம் திருப்பி எடுப்பதால் அது லேசாக மட்டுமே தெரிய வேண்டும். ஒரு படத்தில் குமிழ் பெரிதாகத் துருத்திக்கொண்டும் மற்றதில் ஒளிந்தும் இருந்தால் கால் ஒரே மாதிரி திரும்பவில்லை, இடுப்பு எண்ணை அந்த அளவுக்கு நம்ப வேண்டாம். இரண்டு படத்திலும் ஒரே பக்கத்து இடுப்புதானா என்றும் பாருங்கள். இவற்றில் எதுவும் சரியில்லை என்று தோன்றினால் டாக்டரிடம் படத்தோடு காட்டுங்கள். பழைய ஸ்கேனைப் புதிய கட்டங்களோடு மறுபடி கணக்கிட்டுத் தர நிலையத்தால் முடியும்.

எண் கூடவில்லையே என்று வருத்தப்படுகிறவர்களுக்கு ஒன்று: மருந்து எடுத்துக்கொண்டிருக்கையில் எண் எல்எஸ்சிக்குள் அப்படியே நின்றால் அதுவும் நல்ல முடிவுதான். குறைந்துகொண்டிருந்தது நின்றிருக்கிறது.

ஸ்கேன் அன்று காலை கால்சியம் மாத்திரை வேண்டாம், கரையாத மாத்திரை வயிற்றில் கிடந்தால் முதுகெலும்பின்மேல் விழுந்து எண்ணைக் கூட்டிவிடும். சமீபத்தில் பேரியம், கான்ட்ராஸ்ட் அல்லது அணுக்கதிர் ஸ்கேன் எடுத்திருந்தால் தேதி வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். அம்மா புடவையில் வந்தால் ஊக்கு, ஜரிகைக் கரை, இடுப்புச் சங்கிலி எதுவும் படத்துக்குள் வராதபடி கவுனுக்கு மாற்றி விடுவோம். சங்கிலியைக் கழற்றப் பிரியப்படாத பாட்டிகள் உண்டு. வீட்டிலேயே பேசி, கழற்றி ஒரு சின்னப் பையில் போட்டுக் கொண்டுவந்துவிட்டால் அவர்களுக்கும் மனக்கஷ்டமில்லை.